கணப்பு இல்லாத பாதி

மைதாப் பசை விரல் இடுக்கில் காய்ந்து தோலைப் பிடித்து இழுத்தது, இழுக்கட்டும், இன்னும் நாலே நாலு இடுக்குதான் பாக்கி, அதற்குப் பிறகு இந்தப் பலகைச் சுவரில் ஒரு கொசு நுழைய வழி இருக்காது, கொசு என்ன, சூடே நுழைய வழி இருக்காது, அந்தப் பக்கத்துக்காரிக்கு இனிமேல் ஓசிச் சூடு கிடையாது என்று சௌந்தரி நினைத்தாள், நினைக்கும்போதே உள்ளுக்குள் ஒரு இனிப்பு ஊறியது. மத்தியானம் மணி ஒன்றரை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கிக் குன்னூரையே துடைத்துப் போட்டிருந்தது. கட்டிலில் புருஷன் ஆசீர் இரண்டு கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மூச்சில் சின்னதாக ஒரு விசில், அது இப்படியே சின்னதாகக் கேட்கிறவரை அவளுக்குப் பயமில்லை. முப்பத்தோரு வருஷம் தேயிலை ஃபாக்டரியில் டிரையர் மேஸ்திரியாக இருந்த மனுஷன், அடுப்புக்கு முன்னாலும் தூளுக்கு நடுவிலும் நின்று நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். மூன்று மாதத்துக்கு முன்னால் நிமோனியாவில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சளி நெஞ்சில் இறங்கினால் தாங்கமாட்டார், அறை கதகதப்பாக இருக்க வேண்டும், அதுதான் இனி மருந்து என்று சொல்லிவிட்டார். சொல்கிறவருக்கு என்ன, வாய் வலிக்குமா. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் எண்ணெய் ஊற்றின ஹீட்டர் ஒன்றை வாங்கி அனுப்பினாள், அது கரண்டைக் குடித்த குடியில் அந்த மாத பில்லைப் பார்த்த சௌந்தரிக்கே காய்ச்சல் வந்துவிட்டது. அதனால்தான் இந்த ஒரு மாதப் பாடு. ஜன்னல்களுக்குக் குமிழ் வைத்த பிளாஸ்டிக், கதவுக்கு அடியில் மணல் நிரப்பித் தைத்த துணிப்பை, வாசல் கதவில் பழைய மிலிட்டரிக் கம்பளி, கூரைச் சந்தில் தேங்காய் நார். ஒவ்வொன்றாக அடைத்து அடைத்து இப்போது காலையில் இரண்டு மணி நேரம் ஹீட்டரைப் போட்டு நிறுத்தினால் மத்தியானம் தாண்டியும் அறை சூடு தாங்குகிறது. என் கைவேலை அப்படி என்று மகளிடம் போனில் சொல்லியிருந்தாள். இந்த மாத பில் பாதியாகக் குறைந்ததையும் சொல்லியிருந்தாள்.

மிச்சம் இருந்தது இந்தப் பலகைதான். ஹாலை நடுவில் வெட்டி நிற்கிற பலகை, அந்தப் பக்கம் ஓரகத்தி பிரிசில்லா. நாலு வருஷத்தில் மரம் சுருங்கிப் பலகைக்குப் பலகை விரல் நுழைகிற இடுக்கு விழுந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, முட்டி வலியோடு மணையில் உட்கார்ந்து, தரையோரத்து இடுக்கில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துப் பார்த்தாள். சுடர் நிமிர்ந்து நிற்கவில்லை. பலகையைப் பார்த்துச் சாய்ந்தது, அந்தப் பக்கத்தைப் பார்த்து, வாலாட்டுகிற நாய் எசமானைப் பார்ப்பது போலச் சாய்ந்தது. அப்போதே பிடிபட்டுவிட்டது. என் வீட்டுச் சூட்டை இவள் உறிஞ்சுகிறாள். நான் பில் கட்டுகிறேன், அவள் குளிர்காய்கிறாள். ஏற்கெனவே கணப்பை வைத்திருக்கிறவள், எரிகிற கணப்பு, கருங்கல்லில் கட்டின வெள்ளைக்காரன் காலத்துக் கணப்பு, அது போதாமல் என் ஹீட்டரும் வேண்டியிருக்கிறது. உள்ளவனுக்குக் கொடுக்கப்படும் என்று வேதத்தில் சும்மாவா எழுதியிருக்கிறது. வேதம் என்றதும் ஞாபகம் வந்து மடியிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். திருச்சபைப் பத்திரிகைதான் கைக்குக் கிடைத்த பழைய காகிதம், ஆனால் வசனம் அச்சடித்த பக்கத்தைச் சுருட்டி இடுக்கில் திணிக்க மனசு வராது, அதுவும் ஆண்டவருடைய வார்த்தை அவளைப் பார்த்தபடி நிற்க வேண்டுமா. வசனத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மணமகள் தேவைப் பக்கங்களையும் இரங்கல் செய்திப் பக்கங்களையும் மட்டும் கிழித்துச் சுருட்டிப் பசையில் முக்கித் திணித்தாள். கத்திரிக்கோல் முனையால் குத்தி உள்ளே தள்ளினாள். குத்துவது கைக்கு நன்றாக இருந்தது.

மூத்தவன் பங்கு வைக்கணும், இளையவன் எடுக்கணும். எவன் வைத்த வழக்கமோ. மாமனார் செத்து வருஷம் திரும்பியதும் சபை ஐயர் முன்னாலே ஜெபம் பண்ணி, பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது ஆசீர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஹாலில் நின்றார், நின்றாரே தவிர கோடு போட்டது அவளுடைய மூளை. முந்தின பத்து நாளும் அவள் அதையேதான் யோசித்தாள். அவளுக்கு வேண்டியது கணப்பு இருந்த பாதி. கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்திலிருந்தே அதன் மேல் ஆசை. கணப்பைக் கேட்டு வாங்க முடியாது, மூத்தவர்கள் பங்கைத்தான் வைக்கலாம், எடுக்க முடியாது. அதனால் அந்தப் பாதியை யாரும் விரும்பாதபடி நறுக்கினாள். சமையலறை இந்தப் பக்கம், குழாய் இந்தப் பக்கம், பெரிய படுக்கையறை இந்தப் பக்கம், கணப்போடு சேர்ந்தது ஒழுகுகிற தகரக் கூரையும் ஒரு ஸ்டோர் ரூமும் மட்டும். கண்ணிருக்கிற எவளும் சமையலறையைத்தான் எடுப்பாள். பிரிசில்லா முந்தானையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தாள், தன் புருஷன் எட்வினைக்கூடக் கேட்கவில்லை, ஐயரைப் பார்த்து, எங்க ரெண்டு பேருக்கு இந்தச் சின்னது போதும், பெரியது அக்காவுக்கு இருக்கட்டும் என்றாள். ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் ஆஹா என்றார்கள். சௌந்தரி மட்டும் அந்தத் தியாகத்துக்குள் இருந்த கள்ளத்தனத்தைப் பார்த்தாள். தெரிந்துதான் எடுத்தாள். ஊமைக் குசும்பு. அன்றைக்கு அவளோடு பேச்சை நிறுத்தினவள்தான் சௌந்தரி. நீ வெட்டின குழியில் நீயே விழுந்தாய் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் ஆசீர் அன்று சாப்பிடும்போது லேசாகச் சிரித்தார், அந்தச் சிரிப்பை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எட்வின் மாரடைப்பில் போனபோதுகூட அவள் போனாள், நின்றாள், பாட்டுப் பாடும்போது வாயசைத்தாள், ஆனால் பிரிசில்லாவைக் கட்டிப்பிடிக்கவில்லை. அவள் கையை நீட்டினாளோ என்னவோ, நீட்டின மாதிரி ஒரு நிழல் ஞாபகம், இவள் கையில் பாட்டுப் புத்தகம் இருந்தது, அவ்வளவுதான். புத்தகத்தைக் கீழே போட முடியுமா. இப்போது அந்தப் பாதியில் தன்னந்தனியாக ராஜ்ஜியம் பண்ணுகிறாள். பாலர் பள்ளியில் டீச்சர் வேலை, எட்டரைக்கு இறங்கிப் போனால் நாலு மணிக்குத்தான் வருவாள். போகிறவள் கணப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டாமா. ஒரு மாதமாகச் சௌந்தரி பார்க்கிறாள், எட்டரைக்கு அவள் குடை மூலை திரும்பின பிறகும் புகைபோக்கியில் புகை எழுந்துகொண்டே இருக்கிறது, சீகை மரத்து விறகுப் புகை, மூக்குக்கு நன்றாகத் தெரிகிறது. ஆளில்லாத வீட்டுக்குத் தீ. யாருக்காம் அந்தச் சூடு, எலிக்கா, எட்வினுடைய போட்டோவுக்கா. விறகு விற்கிற விலையில் டீச்சர் சம்பளத்தில் இந்த ஆட்டம் எதற்கு. எல்லாம் எனக்குக் காட்டத்தான், உன் புருஷன் நடுங்குகிறான், என் சுவருக்குக்கூடக் குளிர்காய நெருப்பு இருக்கிறது பார் என்று காட்டத்தான். இதை ஆசீரிடம் சொன்னபோது அவர் எதிர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தம்பி பெண்டாட்டியை ஒரு வார்த்தை சொன்னால் பொறுக்காது. கடைசி இடுக்கையும் குத்தி அடைத்தாள். ஸ்டூலில் ஏறி உச்சியில் இருந்த பெரிய சந்துக்கு ஒரு இரங்கல் பக்கத்தையே முழுசாக வைத்தாள். அதற்கு மேல் டிவி வந்த பெட்டியிலிருந்து எடுத்த தெர்மாகோல் பலகைகளை வரிசையாக ஒட்டி, பழைய போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டாள். முடிந்தது. இறங்கி நின்று பார்த்தபோது நாலு வருஷத்தில் முதல் தடவையாக இது தன் வீடு என்று தோன்றியது.

மணி இரண்டேகால். டீ போட்டுக் குடித்தாள். ஆசீர் தூங்கினார். ஹீட்டர் வழக்கம்போல அணைந்திருந்தது, தூங்குகிற மனுஷனுக்கு எதற்கு ஹீட்டர், இரண்டு கம்பளி இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். கண்ணை மூடினால் பிரிசில்லா நாலு மணிக்கு வந்து பலகையோரம் நின்று, இன்றைக்கு என்ன இப்படிக் குளிருகிறது என்று திகைப்பது தெரிந்தது. திகைக்கட்டும். கொஞ்ச நேரத்தில் காலில் ஏதோ ஊர்ந்தது. பூச்சி என்று தட்டினாள், பூச்சியில்லை, குளிர். கணுக்காலில் தொடங்கி முட்டிக்கு ஏறுகிறது. எங்கோ ஒரு சந்தை விட்டுவிட்டோம் என்று எழுந்தாள். ஜன்னல் பிளாஸ்டிக்கைத் தடவினாள், சரியாக இருந்தது. மணல் பையைக் காலால் நெருக்கினாள். வாசல் கம்பளியை இழுத்துவிட்டாள். கூரையைப் பார்த்தாள். எல்லாம் நேற்று இருந்த மாதிரிதான். நேற்று இந்நேரம் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டல்லவா துணி மடித்தோம். நேற்று வெயில் அடித்ததோ, இல்லை, நேற்றும் இதே மூட்டம். டீ குடித்தால் உடம்பு சூடாகிப் பிறகு குளிரும் என்பார்கள், அதுவாக இருக்கும். பசைத் தண்ணீர் காய்கிற ஈரமாக இருக்கும். வயதாக இருக்கும். அந்த விசில் மட்டும் ஏன் உயர்கிறது. அவள் கட்டிலருகே போய் நின்றாள். ஆசீரின் மூக்கு நுனியைத் தொட்டாள், குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. ஹீட்டரைப் போட்டாள். முழு அளவுக்குத் திருகினாள், பில் எக்கேடாவது கெடட்டும். அது டிக் டிக்கென்று சத்தம் போட்டுத் தன்னைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சூடாயிற்று, அதற்கப்பால் அறை அறையாகவே இருந்தது. மூன்று மணி ஆயிற்று, மூன்றேகால் ஆயிற்று. சூடு போகிற வழி எல்லாவற்றையும் அடைத்துவிட்டேனே, பிறகு எங்கே போகிறது, போக வழியே இல்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். போகிற வழி அடைத்தால் சூடு இருக்க வேண்டும். அடைத்தபோது குளிர்ந்தது என்றால். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டுவிட்டு மறுபடி மணல் பையை நெருக்கினாள், ஏற்கெனவே நெருக்கின பையை. டாக்டர் சொன்னது காதில் ஓடியது, தாங்கமாட்டார், தாங்கமாட்டார். ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி அவர் நெஞ்சு ஏறி இறங்கினது கண்ணில் நின்றது. வேண்டாம் ஆண்டவரே, அது மட்டும் வேண்டாம் என்றாள், பயத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

ஆசீர் இருமிக்கொண்டே விழித்தார். மூன்று நாலு இருமல், ஒவ்வொன்றும் அடியிலிருந்து. முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தார், தெர்மாகோலையும் போர்வையையும் பார்த்தார்.

"அடைச்சிட்டியா" என்றார்.

அவள் மெழுகுவர்த்தி சாய்ந்த கதையைச் சொன்னாள். குரல் தானாகவே உயர்ந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மூச்சை எடுத்து எடுத்துச் சொன்னார். நெருப்பு எரிகிற பக்கம் தரையோடு காற்றை இழுக்கும், டிரையர் அடுப்பு அப்படித்தான், கீழே வைத்த சுடர் நெருப்பைப் பார்த்துத்தான் சாயும். சூடு மேலே வரும், உச்சிச் சந்து வழியாக இந்தப் பக்கம் வரும். ஸ்டூலில் ஏறி மேலே வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். அவளுக்கு முட்டி வலி, மணையில் உட்கார்ந்துதான் பார்க்க முடிந்தது, அதையும் சொல்ல வாய் எடுத்து நிறுத்தினாள். அப்படியென்றால் ஒரு மாதமாக. கைவேலை என்று மகளிடம் சொன்னது. பாதியாகக் குறைந்த பில். ஆளில்லாத வீட்டுத் தீ.

"அவ எதுக்கு ஆளில்லாத வீட்டுல நெருப்பு வைக்கிறா" என்று கேட்டாள். பதில் தெரிந்துவிட்டது, தெரிந்தும் கேட்டாள்.

"நாந்தான் கேட்டேன். நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப. பலகையைத் தட்டிக் கேட்டேன்."

சௌந்தரிக்குக் காது அடைத்தது. தட்டினார். நான் ஆண்டவருடைய சந்நிதியில் முழங்கால் போட்டு இந்த மனுஷனுக்குச் சுகம் கேட்டுக்கொண்டிருக்கும்போது இவர் எழுந்து, நடக்கவே முடியாத மனுஷன், எழுந்து போய்ப் பலகையைத் தட்டியிருக்கிறார். பிச்சை கேட்டிருக்கிறார். யாரிடம், அவளிடம். அவளும் போட்டாள், போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனாள், ஒரு மாதமும் தினமும் போட்டாள், நான் ஜன்னலில் நின்று புகையைப் பார்த்துச் சபித்தது அவளுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தே போட்டாள். சண்டை போட்டிருந்தால் மன்னிக்கலாம். திருடியிருந்தால் மன்னிக்கலாம். இதை எப்படி மன்னிப்பது. இருவரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள் என்று அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, எரிந்தும் விரல்கள் விறைத்தபடியே இருந்தன.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள்.

"கேட்டேன் சௌந்தரி."

அவ்வளவுதான் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை, தண்ணீர் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு மறுபடி இருமினார். எப்போது கேட்டார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் செய்யாமல் இருப்பேனா, இந்த மனுஷனுக்காக நான் செய்யாதது எது, கை வெடிக்க வெடிக்கப் பசை காய்ச்சியது யாருக்காக. கேட்கவில்லை. அந்தப் பெரிய பில் வந்த மறுநாளா, அன்று கஞ்சி கொடுத்துவிட்டு சுவிட்சை நிறுத்தினேன், அப்போது ஏதோ சொன்னார், அது கொஞ்ச நேரம் எரியட்டுமே என்றாரோ. கம்பளி இருக்குதே என்று நான் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு நாள் தூங்கிவிட்டார் என்று நினைத்துச் சுவிட்சில் கை வைத்தபோது கண்ணைத் திறந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார். நான் நிறுத்தினேன். பிறகு அவர் கேட்கவில்லை. பிறகு சுவிட்சை நிறுத்தும்போது அவர் கண் மூடியே இருந்தது. தூக்கம் என்று நினைத்தேன். தூக்கமில்லை. ஒரு மாதமாக இந்த மனுஷன் தூங்குகிற மாதிரி நடித்திருக்கிறார், நான் சிக்கனம் பிடிக்கிற சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று. அவளுக்கு வெட்கமாக இருந்தது, வாழ்க்கையில் இப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை, அந்த வெட்கம் உடனே திரும்பி அவர் மேலேயே கோபமாகப் பாய்ந்தது, ஏன் இரண்டாவது தடவை கேட்கவில்லை, பெண்டாட்டியிடம் ஒரு மனுஷன் இரண்டு தடவை கேட்கக்கூடாதா. அடுத்த இருமல் வந்தது. அது முடியவே இல்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

அவள் பாய்ந்து போர்வையைப் பிடித்து இழுத்தாள். ஆணி தெறித்தது. தெர்மாகோலைப் பிய்த்தாள், அது பொடிப்பொடியாய் உதிர்ந்து தலையிலும் தரையிலும் விழுந்தது. முட்டியாவது வலியாவது, ஸ்டூலில் ஏறி உச்சிச் சந்தில் விரலை விட்டு ஈரக் காகிதத்தைத் தோண்டினாள், செத்தவர்களின் படங்கள் கூழாகி நகத்துக்குள் ஏறின. நடு இடுக்குகளைக் கத்திரிக்கோலால் குத்தித் திறந்தாள். திறந்த சந்தில் கண்ணை வைத்தபோது அந்தப் பக்கம் ஆள் இருந்தது. மணி நாலாகிவிட்டிருந்தது. பிரிசில்லா நனைந்த குடையைக்கூட மடக்காமல் கணப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து சாம்பலை விலக்கி ஊதிக்கொண்டிருந்தாள். கிழிகிற சத்தம் கேட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். தலை நரைத்துவிட்டிருந்தது. நாலு வருஷமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் சௌந்தரியிடம் இருந்தன, பாத்திரம் தேய்க்கும்போதும் படுக்கும்போதும் ஒழுங்கு பண்ணித் தீட்டி வைத்தவை, ஒன்றுகூட இப்போது உதவவில்லை. பிரிசில்லா அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தாள். பின்னால் கட்டில் இருமலில் குலுங்கியது.

"இன்னும் ரெண்டு கட்டை போடு" என்றாள் சௌந்தரி, வேலைக்காரியிடம் சொல்லுகிற குரலில். அந்தக் குரல்தான் வந்தது.

"சரிக்கா."

மூன்று கட்டை போட்டாள். சீகை பற்றி வெடித்தது. கொஞ்ச நேரத்தில் உச்சிச் சந்து வழியாகச் சூடு இறங்கி வந்து சௌந்தரியின் நெற்றியில் பட்டது. நீ நாசமாய்ப் போக என்று அவள் வாய்க்குள் சொன்னாள், யாரைச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி, கட்டிலின் தலைமாட்டை இரண்டு கையாலும் பிடித்து, முட்டி தெறிக்கத் தெறிக்க இழுத்து, புருஷனைப் பலகையோடு ஒட்டிப் போட்டாள்.